டீசல் தீராத டாங்கிகள்

சேவுகப்பெருமாள் மடிக்கணினியை மூடிய சத்தத்தில், எதுவோ உடைந்துவிட்டது என்று நினைத்து அடுப்படியிலிருந்து செந்தாமரை கரண்டியோடு ஓடி வந்தாள். புதிதாக ஒன்றும் உடையவில்லை. அவருடைய வலது கால்தான் ஏற்கெனவே உடைந்து, மாவுக்கட்டோடு இரண்டு தலையணைகளின் மேல் கிடந்தது.

"செத்தவன் எந்திரிச்சு வாரான் தாமரை. அஞ்சே நொடி. எண்ணிப் பாத்தேன். விழுந்தவன் புது உடுப்போட எந்திரிச்சு வந்து என்னையச் சுடுறான்."

"அதுக்கு லேப்டாப்ப எதுக்கு அடிக்கிறீக? அது மக வச்சிருந்த பொருளு," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போய்விட்டாள். தாளிப்பு கருகிக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால், காரைக்குடியில் வேலை முடிந்து சாக்கோட்டைக்கு வரும் வழியில், குறுக்கே பாய்ந்த ஒரு ஆட்டுக்குட்டிக்காக வண்டியைத் திருப்பி அதோடு சாய்ந்தவர் அவர். குட்டி ஓடிவிட்டது. இவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஒரு கீறல் இல்லாமல் ஊர் திரும்பியவர். அதற்குப் பிறகு எட்டு வருஷமாக ஒரு தனியார் கல்லூரியின் வாசலில் காவல் வேலை. மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, மூன்று மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியவில்லை. காலை எட்டரை மணிக்குள் பேப்பரில் டெண்டர் அறிவிப்பு வரைக்கும் படித்து முடித்துவிடுவார். டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதை அவரால் பொறுக்க முடியாது. செந்தாமரை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஒன்பது மணிக்குப் போனால் மூன்றரைக்குத்தான் வருவாள்.

அவர் படும் பாட்டைப் போனில் கேட்டுக்கொண்டிருந்த மகள் சிவரஞ்சனிதான் அந்த யோசனையைச் சொன்னாள். கோயம்புத்தூரில் ஒரு மில்லின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. படிக்கும்போது வாங்கிய மடிக்கணினி வீட்டு அலமாரியில் சும்மா கிடந்தது. "யுத்த கேம் எம்புட்டோ இருக்குப்பா. பட்டாளத்துல இருந்த ஆளு நீங்க. உங்களுக்குப் பிடிக்காமப் போகுமா?" என்றாள். அந்த மடிக்கணினியை விற்ற முத்தரசுவின் நம்பரையும் கொடுத்தாள்.

முத்தரசுவுக்கு நாற்பது வயது. கழனிவாசல் பக்கம் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் விற்பனையும் பழுதுபார்ப்பும். சின்ன வயதிலிருந்தே விளையாட்டுப் பைத்தியம். யாராவது கேம் வேண்டும் என்று வந்தால், இருப்பதை எடுத்துப் போட்டு அனுப்புகிற ஆள் இல்லை. தையல்காரர் அளவெடுப்பதைப் போல நாலு கேள்வி கேட்டு, ஆளுக்குத் தகுந்ததைத்தான் கொடுப்பார். ஓய்வு பெற்ற ஒரு தாசில்தாருக்குப் பாய்மரக் கப்பல் சண்டையும், கை நடுக்கமுள்ள ஒரு கணக்கு வாத்தியாருக்கு அவசரமே இல்லாத பழைய காலத்து முற்றுகையும் அவர் தேர்ந்து கொடுத்தவைதான். அவர் கொடுத்து வேண்டாம் என்று திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அவர் போனில் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். வேகமாக ஆடப் பிடிக்குமா, யோசித்து ஆடப் பிடிக்குமா? தனியாகவா, முகம் தெரியாத நாலு பேரோடு சேர்ந்தா? வாள் வேல் காலமா, இந்தக் காலமா? ஆள் ஆளாகச் சுடுவதா, மேலே இருந்து படையை நடத்துவதா? சேவுகப்பெருமாளுக்கு இதில் ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

"தம்பி, நான் பட்டாளத்துக்காரன். உண்மையான யுத்தம் மாதிரி இருக்கணும். அம்புட்டுத்தான்."

அந்த ஒரு வார்த்தையால் வந்ததுதான் எல்லாம்.

முத்தரசுவுக்கு வீடு புதுவயலில். கடையடைத்துப் போகும் வழியில்தான் சாக்கோட்டை. ஒரு சாயங்காலம் இறங்கி, உலகம் முழுக்க ஆட்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுகிற துப்பாக்கி விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து நொடியில் செத்தவன் எழுந்து வந்தது அதில்தான். மடிக்கணினியும் பழசு, படம் விட்டு விட்டு நகர்ந்தது. மௌஸைத் திருப்பினால் வானம் தெரியும், இன்னும் திருப்பினால் தரை தெரியும். எதிரியைக் கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றிக்கொண்டு வந்தது. மலைப்பாதையில் ஒரு நாளும் குமட்டாத மனிதர், சொந்த வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தார்.

அடுத்து முத்தரசு கொடுத்ததில் வெளியாட்கள் கிடையாது. இரண்டாம் உலக யுத்தம். ஒரே ஒரு சிப்பாய். அவன் போகிற வழியெல்லாம் கதை. இதில் செத்தவன் செத்தவனாகவே கிடந்தான். ஆனால் அந்த ஒரு சிப்பாய் மத்தியானத்துக்குள் இருநூறு பேரைச் சுட்டுத் தள்ளினான். தோட்டா தீர்ந்தால் கவலையில்லை. சுவரோரமாகப் பச்சைப் பெட்டி ஒன்று இருக்கும். பக்கத்தில் போய் நின்றாலே துப்பாக்கி நிரம்பிவிடும். மூன்று நாள் ஆடியபின் சேவுகப்பெருமாள் முத்தரசுவைப் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பெட்டிய இங்குட்டுக் கொண்டாந்து வச்சவன் யாரு?"

முத்தரசு தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது, மேலே இருந்து படையை நடத்துவது. முகாம் கட்ட வேண்டும், பொன் வெட்ட வேண்டும், சிப்பாய்களை உண்டாக்க வேண்டும். ஒரு பொத்தானை அமுக்கினால் நாற்பது நொடியில் கொட்டகையிலிருந்து ஒரு சிப்பாய் முழுசாக வெளியே வந்தான். அவன் எதையும் தின்னவில்லை, தூங்கவில்லை. இவர் கொட்டகை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே நான்கு பக்கமும் எதிரி வந்து, ஏழாவது நிமிஷம் ஆட்டம் முடிந்துவிட்டது. திரும்ப ஆடினார், எட்டாவது நிமிஷம் முடிந்தது. இந்த ஆட்டத்துக்கு இருபது வயசு விரல் வேண்டும். ஐம்பத்தொரு வயதில், ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரலை வைத்துக்கொண்டு முடியாது.

நான்காவதாக வந்தது டாங்கி விளையாட்டு. இதற்கு மேல் உண்மை கிடையாது என்று முத்தரசு சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இரும்புத் தகட்டின் கனம், குண்டு படுகிற கோணம், சங்கிலிச் சக்கரம் கழன்றால் நிற்பது எல்லாம் அப்படியே. இரண்டு நாள் சேவுகப்பெருமாளுக்கே பிடித்துத்தான் இருந்தது. மூன்றாம் நாள், சண்டை போடாமல் பாலைவனத்தில் டாங்கியைச் சும்மா ஓட்டிக்கொண்டே போனார். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம். டீசல் முள் அசையவே இல்லை. முழு டேங்க் என்று காட்டியபடியே நின்றது.

அன்றைக்கு அவர் மடிக்கணினியை அடிக்கவில்லை. போனில் முத்தரசுவைக் கூப்பிட்டு, "இது நமக்குச் சரிப்படாது. விட்டுருவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். செந்தாமரை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. இந்த விளையாட்டைக் கொடுத்ததற்குச் சும்மாவே விட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் முத்தரசு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கும் ஆத்திரம். பதினைந்து வருஷத்தில் ஒருத்தரும் ஒரு கேமைக் கூட வேண்டாம் என்றதில்லை. இந்த மனிதர் நான்கைத் திருப்பியிருக்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, உண்மையான யுத்தம் மாதிரின்னீக. தகட்டுக் கனம் வரைக்கும் சரியா இருக்கிற கேம் கொடுத்தேன். அதுவும் பொய்யிங்கிறீக. இதுக்கு மேல உண்மைன்னா உங்கள நான் பார்டருக்குத்தான் கூட்டிட்டுப் போகணும். நீங்க பாத்த சண்டை எப்படி இருந்துச்சு, அதையாச்சும் சொல்லுங்க."

சேவுகப்பெருமாளின் தலைக்கு மேலே சுவரில் ஒரு போட்டோ தொங்கியது. இருபத்தோரு வயதில், பயிற்சி முகாமில், துப்பாக்கியோடு எடுத்தது. முதல் தடவை லீவில் வந்தபோது டீக்கடையில் யாரோ, "எத்தனை பேரைச் சுட்டீக?" என்று கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டார். பெருமை பேசாத பையன் என்று ஊர் எடுத்துக்கொண்டது. கார்கில் சமயத்தில் அவர் வடக்கே இருந்தார் என்பதை வைத்து ஒரு கதை கிளம்பியது. ஓய்வு பெற்று வந்தபோது, மாமன் மச்சான்கள் சேர்ந்து பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்: எல்லையில் எதிரிகளை விரட்டியடித்த எங்கள் சிங்கம் என்று. அதன் அடியில் நின்று அவர் மாலை வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும்?

"நான் லாரி ஓட்டுனேன் தம்பி," என்றார்.

முத்தரசுவுக்குப் புரியவில்லை.

"சப்ளை. பதினேழு வருஷம் லாரி, அஞ்சு வருஷம் ரேஷன் கிடங்கு. சுடுறதுக்குப் பழகுனேன். சுட்டது கிடையாது. அரிசி, ஆட்டா, மண்ணெண்ணெய், குண்டுப் பெட்டி. அந்தப் பச்சைப் பெட்டி தானா வந்து சுவரோரம் உக்காராது. நான் கொண்டு போய் வச்சது."

அடுப்படி வாசலுக்கு வந்த செந்தாமரை அங்கேயே நின்றுவிட்டாள். அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரிந்ததுதான். ஆனால் வெளியாள் ஒருத்தரிடம் அவர் வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதில்லை.

முத்தரசு நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, எத்தனை டன் ஏற்றுவீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், பனி எப்போது விழும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். சேவுகப்பெருமாள் சொல்லச் சொல்ல ஒரு மணி நேரம் போய்விட்டது. நவம்பருக்குள் மலைப்பாதை அடைபடும். அதற்குள் ஆறு மாதச் சாமானையும் மேலே கொண்டு சேர்த்தாக வேண்டும். சக்கரத்துக்குச் சங்கிலி கட்ட வேண்டும். காலையில் என்ஜினுக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சூடாக்கினால்தான் வண்டி உயிர் பெறும். ஒரு நாள் ஏறுகிற வண்டிக்குப் பாதை, மறுநாள் இறங்குகிற வண்டிக்கு. எழுந்து போகும்போது முத்தரசுவுக்கு மரியாதையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

"இதை மொதல் நாளே சொல்லியிருந்தீகன்னா நாலு கேமும் மிச்சம்ணே. நான் கேட்ட கேள்விக்கு நீங்க வேற ஆளா நின்னு பதில் சொல்லிட்டீக."

அப்படியும் ஐந்தாவது தடவை தப்பாகத்தான் போனது. லாரி என்றதும், ஐரோப்பாவில் ஊர் ஊராக லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை முத்தரசு ஏற்றிக் கொடுத்தார். கியர், கண்ணாடி, மழை, டோல்கேட் எல்லாம் அச்சு அசல். டீசல் முள்கூட இறங்கியது. சேவுகப்பெருமாள் ஒரு லாரி சோபாவை ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குக் கொண்டு போனார். கிடங்கில் இறக்கியதும் கைதட்டுகிற சத்தம் வந்தது. அடுத்த லோடு தக்காளிச் சாறு. இரண்டு நாளில் அதையும் நிறுத்திவிட்டார். ஓட்டுவதில் குறை ஒன்றும் இல்லை; போய்ச் சேருகிற இடத்தில் இவருக்காக ஒருத்தரும் காத்திருக்கவில்லை. தக்காளிச் சாறு ஒரு நாள் தாமதமாகப் போனால் யாருக்கு என்ன?

இதை அவர் முத்தரசுவிடம் சரியாகச் சொல்லத் தெரியாமல், "சோபா ஏத்துறதுக்கா தம்பி நான் பதினேழு வருஷம் ஓட்டுனேன்?" என்று கோபமாகத்தான் சொன்னார். ஆனால் முத்தரசு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாலு நாள் அவர் வரவில்லை, போனும் இல்லை. ஐந்தாம் நாள் ஒன்றைக் கொண்டு வந்தார். அதை அவரே ஆடியதில்லை. பொறுமை இல்லாமல் பாதியில் விட்டதாக ஒத்துக்கொண்டார்.

திரை முழுக்க ஒரு மலைநாட்டின் வரைபடம். தேன்கூட்டு அறை போலக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. பழைய உலக யுத்தத்தில், ஏதோ ஒரு பனிமலைத் தொடரைப் பிடிப்பதற்கான சண்டை. படைப்பிரிவுகள் சின்னச் சின்னச் சதுரங்கள். நீங்கள் ஒரு வாரத்துக்கான உத்தரவு போட வேண்டும். எதிரி அவன் வாரத்தைப் போடுவான். கடிகாரம் கிடையாது. ஒரு உத்தரவுக்கு ஒரு நாள் முழுக்க யோசித்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு சதுரத்தின் மேலும் மௌஸை வைத்துப் பார்த்தால், அவர்களிடம் எத்தனை நாள் சாப்பாடு, எத்தனை நாள் குண்டு, எத்தனை நாள் எண்ணெய் என்று காட்டியது.

சேவுகப்பெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்.

இத்தோடு அவருடைய எரிச்சல் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது. விளக்கப் புத்தகம் இருநூற்றெண்பது பக்கம், எல்லாம் இங்கிலீஷ். பட்டாளத்தில் இந்தி பழகியவருக்கு இங்கிலீஷ் பலகை படிக்கிற அளவுதான். போனை வைத்துப் படமெடுத்துத் தமிழாக்கிப் படித்தார். அது ரயில் வந்து சேருகிற கடைசி நிலையத்தை 'ரயில் தலை' என்று சொன்னது. ரயில் தலையில் எதை வைப்பது என்று ஒரு மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார். பன்னிரண்டு நாள் ஆனது, முதல் வாரத்து உத்தரவைப் போட.

போட்டால், லாரிகள் தானாகவே போயின.

"லாரி தன்னாலப் போகுது தம்பி," என்று முத்தரசுவுக்குப் போன் போட்டார். முத்தரசு கடையில் ஆட்களை வைத்துக்கொண்டே தேடிப் பார்த்துச் சொன்னார். சப்ளையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அப்படியே விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் போரடிக்கும் என்று. உள்ளே மூன்று பக்கம் தள்ளிப் போய் அதை நிறுத்தலாம்.

"போரடிக்குமா?" என்றார் சேவுகப்பெருமாள். போனை வைத்துவிட்டு, அந்த மூன்று பக்கமும் தள்ளிப் போய் அதை நிறுத்தினார்.

அன்றிலிருந்துதான் அவர் உண்மையாக ஆடினார் என்று சொல்ல வேண்டும். முன்னூறு லாரி, ஒரே ஒரு மலைப்பாதை, மேலே நான்கு காவல் இடங்கள். எதிரியைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. ரயிலில் வந்து இறங்குவதில் எதை முதலில் ஏற்றுவது, எங்கே இறக்குவது, திரும்புகிற வண்டிக்கு எண்ணெய் எங்கே என்று ஒரு பழைய நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தார். செந்தாமரை வந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால் காதில் விழாது.

ஒரு நாள் அவள் கோபமாக வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு முட்டை வண்டி வரவில்லை. அறுபது பிள்ளைகளுக்குப் பதில் சொல்லி முடியவில்லை அவளுக்கு. பையை வைத்துவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தவள், திரையைப் பார்த்தாள். அவர் எல்லா லாரியிலும் பீரங்கிக் குண்டு ஏற்றிக்கொண்டிருந்தார். முன்வரிசையிலிருந்து குண்டு கேட்டு அவசரமாகத் தகவல் வந்திருந்தது.

"சாப்பாட்டுச் சாமான எப்ப ஏத்துவீக?"

"அடுத்த வாரம்."

"அடுத்த வாரம் பனி விழுந்துட்டா?"

"அக்டோபர் பாதிதான். விழாது. இப்பக் குண்டு கேக்குறாங்க."

"குண்டு இல்லாட்டி நாலு நாளைக்குச் சும்மா இருப்பாக. சோறு இல்லாட்டி? நான் எப்பவும் ஒரு வாரத்துப் பருப்பக் கையில வச்சுக்கிட்டுத்தான் அடுத்ததக் கேப்பேன். பாதி வழியில ஒரு கிடங்கு போட்டு நிரப்பிட்டு, அப்புறம் குண்ட ஏத்துங்க."

சத்துணவுக் கூடத்தையும் யுத்தத்தையும் ஒன்றாக்காதே என்று அவர் சள்ளென்று விழுந்தார். அவள் எழுந்து போய்விட்டாள். அவர் உத்தரவைப் போட்டார். எதிரி தன் வாரத்தைப் போட்டான். வரைபடத்தின் மேல்பகுதி வெள்ளையானது.

பாதை அடைபட்டுவிட்டது. நான்கு காவல் இடங்களில், ஆக உயரத்தில் இருந்த ஒன்றின் சதுரம் மறுவாரம் மஞ்சளானது. அதற்கடுத்த வாரம் சிவப்பு. குண்டு இருபது நாளுக்கு இருந்தது. சாப்பாடு பூஜ்யம். ஒரு லாரியும் ஏறாது. அவர் கால் மாவுக்கட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்து அந்தச் சிவப்புச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த செந்தாமரை, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

அப்போதுதான் அதைச் சொன்னார். இருபது வருஷத்துக்கு முந்தியது. மண் சரிந்து, வரிசையாகப் போன கான்வாய் வண்டிகள் இரண்டு நாள் நின்றுவிட்டன. மேலே ஒரு காவல் இடத்துக்குப் போக வேண்டிய மண்ணெண்ணெய் அவருடைய வண்டியில் இருந்தது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். மண்ணெண்ணெய் இல்லாமல் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லாமல் பனியை உருக்கிக் குடிக்கத் தண்ணீர் இல்லை. மேலே இருந்தவர்கள் வந்து கேன்களை இறக்கினார்கள். ஒருத்தரும் திட்டவில்லை, ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. ஒரு பையனுக்கு விரல் மடங்கவில்லை. கேனை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனான்.

"திட்டியிருந்தாத் தேவலாம்னு இருந்துச்சு. உன் தப்பா, மண்ணு சரிஞ்சது உன் தப்பான்னு நானே கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். இது யாருக்கிட்டச் சொல்றது? எத்தனை பேரச் சுட்டேன்னுதான கேக்குறாக."

செந்தாமரை கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். "அந்தப் பையனுக்கு அப்புறம் வெரல் சரியாச்சா?" என்று கேட்டாள். தெரியாது என்றார் அவர். இரண்டு நாளில் இறங்கி வந்துவிட்டார், விசாரிக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது என்றார்.

மறுவாரம் சிவப்புச் சதுரம் வரைபடத்திலிருந்து காணாமல் போனது. சரணடைந்துவிட்டார்கள் என்று ஒரு வரி வந்தது.

இரண்டு நாள் அவர் அதைத் தொடவில்லை. பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை பாதி மலையில் கிடங்கு போட்டார். செந்தாமரை சொன்னபடி என்று ஒத்துக்கொள்ளவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் மூன்றரை மணிக்கு அவள் வந்ததும், இந்த வாரம் எதை ஏற்றலாம் என்று பேச்சு வரும், பேச்சு பாதி நாள் சண்டையில் முடியும். பனி விழுந்தது. ஒரு சதுரமும் மஞ்சளாகவில்லை. மாவுக்கட்டுப் பிரிக்கும் வரைக்கும் ஆடி, அதற்குப் பிறகு நடக்கப் பழகிய நாட்களிலும் ஆடி, அறுபது வாரத்தையும் முடித்தார். கடைசி வாரம் வரை எந்தக் காவல் இடத்திலும் ஒருவன்கூடப் பட்டினி கிடக்கவில்லை.

முடிந்ததும் திரையில் பெரிய எழுத்தில் வந்தது: படுதோல்வி.

முத்தரசு வந்து பார்த்துவிட்டு விளக்கினார். எத்தனை ஊர் பிடித்தீர்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். ஆட்களுக்குச் சாப்பாடு போட்டதற்கெல்லாம் கிடையாது. "அதுக்கு மார்க் போடுற கேம் ஏதாச்சும் இருக்கா?" என்று சேவுகப்பெருமாள் கேட்டார். தான் தேடிய வரைக்கும் இல்லை என்று முத்தரசு சொன்னார். இதுதான் உங்களுக்குக் கிட்டத்தில் வருவது. முழுசாகப் பொருந்துவது எனக்குக் கூடக் கிடைத்ததில்லை என்றும் சொன்னார். இவருக்கு அது ஆறுதலாக இல்லை.

கல்லூரி வாசலில் மறுபடி வேலைக்குப் போன வாரம், ஒரு மாணவன் வண்டியை நிறுத்திவிட்டு, சார் நீங்க மிலிட்டரியாமே, சண்டையெல்லாம் போட்டிருக்கீங்களா என்று கேட்டான். சப்ளையில் லாரி ஓட்டினேன் என்று சேவுகப்பெருமாள் சொன்னார். பையன் ஓ என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துப் பார்த்தபடி உள்ளே போய்விட்டான். இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது, சொன்னால் இவ்வளவுதானா என்று அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவரஞ்சனியைப் போனில் பிடித்து, விளையாட்டைச் செய்த கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். இரண்டு குறை. ஒன்று, குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற லாரியும் இறங்குகிற லாரியும் ஒரே நேரத்தில் போவதாக வைத்திருக்கிறீர்கள். அது நடக்காது, நாள் மாற்றி நாள்தான் விட முடியும். இரண்டு, பட்டினி இல்லாமல் பார்த்துக்கொண்டதற்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும். கீழே அவருடைய படை எண்ணையும் எத்தனை வருஷம் என்பதையும் போடச் சொன்னார். இதெல்லாம் அவர்கள் படிப்பார்களா அப்பா என்று கேட்டுக்கொண்டேதான் அவள் எழுதி அனுப்பினாள்.

ஒரு நிமிஷத்துக்குள் பதில் வந்துவிட்டது. உங்கள் கருத்துக்கு நன்றி என்று. அவ்வளவு சீக்கிரம் யாரும் படித்திருக்க முடியாது என்று அவருக்கும் தெரிந்தது. இருந்தாலும் காத்திருந்தார். நாலு மாதம் கழித்து விளையாட்டில் புதிய மாற்றங்கள் வந்திருப்பதாக முத்தரசு போன் போட்டபோது, வேலையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திறந்து பார்த்தார். டாங்கிகளுக்கு மூன்று புது நிறம் கொடுத்திருந்தார்கள். மலைப்பாதையில் லாரிகள் பழையபடியே ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தன.

செந்தாமரை விட்டுத் தள்ளச் சொன்னாள். அவர் விடவில்லை. இந்தத் தடவை மகளைக் கேட்காமல் தானே உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி, ஒன்றரை மணி நேரத்தில் தமிழிலேயே எழுதி முடித்தார். தமிழில் அனுப்பினால் அவர்களுக்கு எப்படி விளங்கும் என்று அவள் கேட்டாள்.

"நான் அவங்க புஸ்தகத்தப் பன்னெண்டு நாளு போன வச்சுப் படிக்கலையா? அவங்களும் படிக்கட்டும்," என்று சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த வாரத்துக்கான அரிசியை ஏற்றத் தொடங்கினார்.